மூன்று முறை கூப்பிட்டார்கள்

ராசா,

சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, விடும்மா" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். அதனால் கடையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக ஊர்க்காரர்களின் மனுவை எல்லாம் அடித்துக் கொடுத்தவள் நான். சொந்தமாக ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தால் கை தானாக "கனம் கோர்ட்டார் சமூகத்துக்கு" என்று போகிறது. இரண்டு தடவை அழித்துவிட்டேன். நடுவில் எங்காவது "மேற்படி" என்று வந்துவிட்டால் சிரிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதும் அதற்கு நான் சொன்ன பதிலும்தான் விஷயம். உன் வீட்டுப் பக்கத்து சந்திப்பில் சைக்கிளில் வந்த ஒரு பெண்ணைக் கார் அடித்துவிட்டது என்றாய். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போகிறவள், கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றாய். அவள் சிவப்பு விளக்கில் குறுக்கே வந்தாள் என்று கார்க்காரர் போலீஸில் சொல்லியிருக்கிறார். ஆனால் பச்சை விழுந்த பிறகுதான் அவள் இறங்கினாள், அதை நீ நடைபாதையில் நின்று உன் கண்ணால் பார்த்தாய். அந்தக் கார்க்காரர், நீ மெல்போர்னில் போய் இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மாதம் தன் வீட்டில் வைத்திருந்த அண்ணாச்சி. நம் பக்கத்து ஆள். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டவரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று போலீஸார் ஒரு சீட்டை எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் போட்டிருக்கிறார்கள். கட்டாயம் ஒன்றும் இல்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டாய்.

நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நீ ஏம்லே அதுல போயி தலையக் கொடுக்க? அடுத்த மாசம் ஒனக்கு குடியுரிமை விழா வருது. இந்த நேரத்துல போலீஸு கம்ப்யூட்டர்ல ஒன் பேரு ஏறணுமா? அண்ணாச்சி மொகத்துல எப்படி முழிப்ப? பேசாம இரு," என்றேன். நீ "சரிம்மா" என்றாய். அந்தக் குரலை நான் இதற்கு முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். உனக்கு அப்போது ஏழு வயது.

அதைச் சொல்வதற்கு முன்னால், உன் குடியுரிமைப் பரீட்சைக்காக நான்கு மாதம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து படித்ததை நினைத்துப் பார்க்கிறேன். நீ அனுப்பிய கேள்வித்தாளை எல்லாம் நான் இங்கே பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்து வைத்திருக்கிறேன். வாடிக்கையாளருக்குக் கூட நான் அவ்வளவு சுத்தமாகப் போட்டுக் கொடுத்ததில்லை. ஞாயிறு காலையில் இங்கே நான் இட்லித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்காருவேன், அங்கே நீ மத்தியானச் சாப்பாடு முடித்திருப்பாய். நான் கேள்வி கேட்பேன், நீ பதில் சொல்வாய். நீ பத்தாம் வகுப்புக்குப் படித்த காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்போது அடி கொடுக்க ஸ்கேல் இருந்தது, இப்போது அதற்கு வழியில்லை, அது ஒன்றுதான் குறை.

உன்னைவிட எனக்குத்தான் மார்க் அதிகம் வந்தது என்பதை நீயே ஒத்துக்கொண்டாய். கொடி, பாராளுமன்றம் இதிலெல்லாம் நான் தடுமாறினேன். கோர்ட் பகுதி வந்தால் விடமாட்டேன். நீதிபதிக்கு அரசாங்கம் உத்தரவு போட முடியுமா? முடியாது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் யார்? நிரபராதி. சட்டத்துக்கு முன் யார் பெரியவர்? யாருமில்லை. இதெல்லாம் நான் மனுக்களில் அடித்து அடித்து விரலிலேயே ஏறிப்போன சங்கதி. ஜூரி வந்தபோதுதான் எனக்கு ஆச்சரியம். தெருவில் போகிற பன்னிரண்டு பேரை அழைத்து உட்கார வைத்து, நீங்களே சொல்லுங்கள், இவன் செய்தானா இல்லையா என்று கேட்பார்களாமே. "நம்மூர்ல கல்யாண வீட்டுக்கு அவியல் வைக்கலாமா, கூட்டு வைக்கலாமான்னு முடிவு பண்ணவே பன்னெண்டு பேரு சேர மாட்டாவலே," என்றேன். நீ சிரித்துவிட்டு, "எனக்கும் ஒரு நாள் அந்த லெட்டர் வரும்மா, குடிமகன் ஆயிட்டா போயித்தான் ஆகணும்," என்றாய். அதைச் சொன்னபோது உன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் எனக்குக் கோபம் வந்தது, அன்று சொல்லவில்லை. அங்கே எல்லாம் ஒழுங்கு, இங்கே எல்லாம் கோளாறு என்கிற மாதிரி நீ பேசினாய். எனக்கும் இந்த ஊர் கோர்ட்டைப் பற்றி ஆயிரம் குறை தெரியும். அதன் வாசலில் உட்கார்ந்து சோறு தின்றவள் நான். ஆனாலும் நான் பார்த்த ஒரு வழக்கில் கோளாறு கோர்ட்டில் இல்லை. எதிர்க் கடையில் இருந்தது.

அந்த எதிர்க் கடை உனக்கு மறந்திருக்காது. தென்காசியில் கோர்ட்டுக்கு நேர் எதிரே, சிமெண்ட் ஜன்னல் வைத்த ஒற்றை அறை. ஐந்து டைப்ரைட்டர். காலையும் மாலையும் பிள்ளைகள் படிக்க வருவார்கள், நடுவில் வக்கீல்களுக்கு ஜாப் டைப்பிங். டைப்பிங் பரீட்சையில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டிலும் நான் முதல் வகுப்பு என்று போர்டிலேயே எழுதி வைத்திருந்தேன், எனக்கு அடக்கம் அவ்வளவுதான். ஊரெல்லாம் என்னை "டைப் டீச்சர்" என்றுதான் கூப்பிடும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கார்பன் பேப்பரைத் தொட்டு முகமெல்லாம் நீலமாக்கிக்கொண்டு நிற்பாய். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். சாயங்காலம் சைக்கிளில் வந்து உன்னை முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு போவார். அந்த மழைக்காலச் சாயங்காலங்களில் சாரல் விழுந்துகொண்டே இருக்கும், மண்ணும் நனையாது, துணியும் காயாது.

சீசன் தொடங்கிவிட்டால் நாம் ஞாயிறுதோறும் குற்றாலம் போவோம். அப்பாவோடு ஆண்கள் பக்கம் போகச் சொன்னால் நீ மாட்டேன் என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் வந்துவிடுவாய். அங்கே பேச்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள், நல்லெண்ணெய்ப் பொட்டலமும் சீயக்காயும் விற்பாள். இருபத்தி நான்கு, இருபத்தைந்து வயசுதான் இருக்கும். நீ அவளை "எண்ண அக்கா" என்பாய். எண்ணெய் வைக்க என்னிடம் தலையைக் காட்ட மாட்டாய், ஓடுவாய். அவள் உன்னைப் பிடித்துப் படியில் உட்கார வைத்து, இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றித் தேய்ப்பாள். நீ போடும் சத்தத்தில் அருவிச் சத்தம் கேட்காது. "ஏலே, ஒன்னய என்ன கொல்லவா செய்யுதேன்? கண்ணுக்குக் குளிர்ச்சிலே!" என்று அவளும் பதிலுக்குக் கத்துவாள். குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு வாழைக்காய் பஜ்ஜி தின்பாய். அந்த எண்ணெய் மணமும் பஜ்ஜி மணமும் சேர்ந்துதான் எனக்குக் குற்றாலம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் உன்னைப் பிடித்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று சோப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அருவிக்குக் கீழே, நாம் நின்ற இடத்திலிருந்து நல்ல தூரத்தில் ஒரு கூச்சல். வெளியூர்ப் பெண் ஒருத்தியின் கழுத்துச் சங்கிலியைக் காணோம். யாரோ பின்னால் இருந்து இழுத்தார்கள், மஞ்சள் சேலை கட்டிய பெண் என்று அவள் சொன்னாள். அன்று பேச்சியும் மஞ்சள் சேலை. ஈரமும் கூட்டமும் அழுகையுமாக அந்தப் பெண் வந்து, "இவதான், இவதான்," என்று பேச்சியைக் கைகாட்டினாள். அவள் பொய் சொன்னாள் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. அவள் உண்மையாகவே அப்படி நம்பினாள். பேச்சியின் கையில் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. உன் தலையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர்," என்றாள். நான் ஏதோ சொன்னேன். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவளைப் போலீஸார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சங்கிலி அன்றைக்கும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

வழக்கு நம் கடைக்கு எதிரே இருந்த கோர்ட்டுக்கே வந்தது. அவளுக்குக் காசில்லை என்று அரசாங்கமே ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்தது. இளம் பிள்ளை, கறுப்புக் கோட்டு புதுசு. அவர் என்னைத் தேடி வந்து, "மேடம், நீங்க ஒரு ஆளு வந்து பாத்ததச் சொன்னாப் போதும், கேஸு நிக்காது," என்றார். வருகிறேன் என்றேன். சம்மனும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நம் குடும்பத்தில் உன் சித்தப்பா போலீஸில் இருந்தார், ஏட்டிலிருந்து எஸ்.ஐ. ஆகிற பட்டியலில் பெயர் இருந்தது. அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், உன்னோடு விளையாடினார், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மதினி, பாத்து நடந்துக்கிடுங்க," என்றார், அவ்வளவுதான். அப்பா என்ன சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது, பழியை அவர் மேல் போடுவது எனக்கு வெகு சுலபம். "ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. அதுக்கு எதுக்கு இம்புட்டு ரோசன?" என்றார் அந்த மனிதர்.

யோசனை என்னுடையதுதான். கூண்டில் ஏறினால் பெண்களை என்னவெல்லாம் கேட்பார்கள் என்று நான் அடித்த வாக்குமூலங்களிலிருந்தே எனக்குத் தெரியும். எனக்கு வேலை கொடுப்பவர்களில் பாதிப் பேர் அரசுத் தரப்பு வக்கீல்கள். சித்தப்பா விஷயம் வேறு. ஆனால் இந்தப் பயத்தை எல்லாம் விட, என்னைக் கவிழ்த்தது என் கெட்டிக்காரத்தனம். எத்தனை வருஷமாக அந்த வாசலைப் பார்க்கிறேன்! ஒரே கூப்பிடலில் முடிந்த வழக்கை நான் பார்த்ததில்லை. சாட்சி வராவிட்டால் வாய்தா போடுவார்கள், அடுத்த மாதம் கூப்பிடுவார்கள், அப்போதும் வராவிட்டால் இன்னொரு வாய்தா. அதற்குள் சித்தப்பாவின் உத்தரவு வந்துவிடும், பிறகு நிம்மதியாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பேச்சியைக் கைவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாய்தா தள்ளிப் போடுகிறோம் என்றுதான் இருந்தது. கோர்ட் தெரியாத எவளாக இருந்தாலும் பயந்துகொண்டாவது போயிருப்பாள்.

அன்று உனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் அனுப்பாமல் கடையில் ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் படுக்க வைத்திருந்தேன். நான் ஒரு கிரையப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் சாட்சியைக் கூப்பிடுகிற முறை உனக்குத் தெரியுமே. தோளில் சிவப்புப் பட்டை போட்ட டவாலி சேவகர் வராந்தாவுக்கு வந்து, தெருவெல்லாம் கேட்கிற மாதிரி பெயரை மூன்று முறை கூப்பிடுவார். என் பெயரைக் கூப்பிட்டார். என் கை நின்றது. இரண்டாவது முறை கூப்பிட்டார். நீ போர்வையிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, ஒன்னயத்தான் கூப்பிடுதாவ," என்றாய். நான், "இல்ல ராசா, அது வேற ஆளு. நீ படு," என்றேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டார். நீ என்னையே பார்த்தாய். பிறகு "சரிம்மா" என்று படுத்துக்கொண்டாய். நான் பத்திரத்தை விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தேன்.

அந்த மாஜிஸ்ட்ரேட்டுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. போவதற்குள் பழைய வழக்குக் கட்டுகளை முடித்துவிட வேண்டும் என்று இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இளம் வக்கீலுக்கு வாய்தா கேட்கத் தோன்றவில்லை, வேறு சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் தீர்ப்பானது. பேச்சிக்குப் பால்குடி மாறாத பெண்குழந்தை ஒன்று இருந்தது, அதை யாரோ சொந்தக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். அப்பீல் போடுவதற்காக அந்த வக்கீல் தீர்ப்பை என்னிடமே நகல் அடிக்கக் கொண்டுவந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், தீர்ப்புக் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் அடித்தேன். "எதிரி தரப்பில் சாட்சிகள் எவரும் விசாரிக்கப்படவில்லை" என்று ஒரு வரி. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவள். எத்தனையோ தீர்ப்புகளில் அடித்த அதே வரி. அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் அவள் ஆறு மாதத்தையும் முடித்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த சீசனில் நீ குற்றாலத்தில் ஒவ்வொரு படியாகத் தேடினாய். "எண்ண அக்கா எங்கம்மா?" என்றாய். அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அதற்குப் பிறகு நீ எண்ணெய்க்கு அழவே இல்லை, தேய்ப்பதற்கு ஆளும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து அவளே கடைக்கு வந்தாள். அருவிப் பக்கம் விற்க அவளை யாரும் விடவில்லை. பண்பொழி மலைக்கோயில் அடிவாரத்தில் பூக்கடை போட இடம் கேட்டு ஒரு மனு அடிக்க வேண்டும் என்றாள். வேறு இடமா இல்லை, என்னிடம் வந்தாளே என்று இருந்தது எனக்கு. அவள் சொல்லச் சொல்ல அடித்தேன், தலையை நிமிர்த்தவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அன்னைக்கு வருவியன்னு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன் டீச்சர். ஒடம்புக்கு முடியலையோ?" என்றாள். நான், "ஆமா பேச்சி, காய்ச்சல்," என்றேன். உன் காய்ச்சலை எடுத்து நான் போர்த்திக்கொண்டேன் ராசா. "பையன் நல்லா இருக்கானா? இப்பவும் கத்துதானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேற்று இதுவரைக்கும் அடித்துவிட்டு நிறுத்தினேன். கடைசியில் உனக்குப் புத்திமதியாக நான்கு வரி சேர்த்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். படித்துப் பார்த்தால், மகனிடம் சொல்கிறவள் அவளிடம் இன்னும் சொல்லவில்லையே என்று இருந்தது. இன்று காலையில் கடையைப் பூட்டிவிட்டுச் செங்கோட்டை போய், பஸ் மாறி, பண்பொழி போனேன். போகிற வழியெல்லாம் மழை. திரும்பிவிடலாமா என்று இரண்டு நிறுத்தத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

மலையடிவாரத்தில் அவள் கடை இருக்கிறது. தேங்காய், பூ, கற்பூரம். மகள் கல்லாவில் இருக்கிறாள், பேச்சி ஸ்டூலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். "டைப் டீச்சரா? என்ன மழையில இம்புட்டுத் தூரம்? உள்ள வாங்க," என்றாள். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் பேச்சு வேறு எங்காவது போய்விடும் என்று பயம். "பேச்சி, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல."

அவள் கை பூக் கட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும் டீச்சர்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கூண்டுல நின்னா ஒங்க மிஷின் சத்தம் அங்கன நல்லாக் கேக்கும். மொதத் தடவ ஒங்க பேரக் கூப்பிட்டதும் சத்தம் நின்னுச்சு. சரி, டீச்சர் எந்திரிச்சாச்சு, வந்துருவாவன்னு நெனச்சேன். மூணு தடவயும் கூப்பிட்டு முடிச்சாரு. பெறவு மறுபடியும் மிஷின் சத்தம் கேட்டுச்சு."

அங்கே இருந்த தேங்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "பெறவு ஏன் ஒடம்புக்கு முடியலையான்னு கேட்ட?" என்றேன். "ஒங்க மொகத்தப் பாக்கச் சகிக்கல டீச்சர். என்னமாது சொல்லணும்லா," என்றாள். இத்தனை வருஷமாக நான் அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு இடம் கொடுத்திருக்கிறாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை, கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. வாசலில் ஆள் வந்தது, அவள் வியாபாரத்தைப் பார்க்க எழுந்தாள். கிளம்பும்போது மட்டும், "பையன் வெளிநாட்டுலயா இருக்கான்? அவந்தலையில முடி இருக்கா, போயிட்டா?" என்றாள். கொஞ்சம் போய்விட்டது என்றேன். "எண்ண வைக்கலன்னா போகத்தான செய்யும்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பஸ்ஸில் ஏறிய பிறகு நான் அழுதேன்.

ஆகவே மேற்படி மகனுக்கு நான் தெரிவித்துக்கொள்வது இதுதான்: போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நீ போய்ச் சொல் என்று உத்தரவு போடவும் மாட்டேன். அண்ணாச்சியின் வீட்டில் நீ சாப்பிட்டிருக்கிறாய், அது சும்மா இல்லை. போவதாக இருந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போய், நான் பார்த்தது இது, இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. கோபப்படுவார், படட்டும். ஆனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், விழா முடியட்டும் என்று மட்டும் இருக்காதே. அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்த கணக்கு. அந்தப் பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கிடப்பாள். நீ படித்த புத்தகத்தில் பன்னிரண்டு பேர் உட்காருவதைப் பற்றி இருக்கிறது. பார்த்தவன் வராவிட்டால் அந்தப் பன்னிரண்டு பேர்தான் பாவம் என்ன செய்வார்கள்?

அடுத்த மாதம் விழாவில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாமே. உன் பெயரைக் கூப்பிடும்போது போனைத் திருப்பி எனக்குக் காட்டு. இந்த ஊர் பாஸ்போர்ட்டை நீ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நீ எழுந்து போவதை நான் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துக்கொண்டு நீ ஒன்று சொன்னாய், நான் இல்லை என்றேன். நீ சொன்னதுதான் சரி ராசா. என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அம்மா